பன்னிரண்டாயிரம் வயிறு

கியெத் வீட்டில் யார் எங்கே கால் வைத்தாலும் கீழே மீனுக்குத் தெரிந்துவிடும். வீடு ஆற்றில் மிதக்கிறது. வீட்டுக்கு அடியில் கம்பிவலைக் கூடு. கூட்டுக்குள் பன்னிரண்டாயிரம் சிவப்பு ஜிலேபி மீன். அடுப்படியிலிருந்து கூடத்துக்கு ஒருவர் நடந்தால் பலகைக்கு அடியில் அவையும் கூடவே நடந்து வரும். விடியற்காலையில் பல் தேய்க்க வாசல் பக்கம் போனால்கூட விடாது. கூடத்தின் நடுவில் ஓர் ஆள் இறங்குகிற அளவுக்கு ஒரு பலகைக் கதவு உண்டு. அதைத் தூக்கித் தீனியைக் கொட்டினால் போதும், தண்ணீர் உலை கொதிக்கிற மாதிரி கொதித்து, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் சட்டை நனைந்துபோகும். வீட்டுக்கு வருகிறவர்களும் அந்தக் கதவைச் சுற்றி உட்கார்ந்துதான் டீ குடிப்பார்கள்.

இரண்டு நாளாக அந்தக் கதவு திறக்கவில்லை.

மீனை இடம் மாற்றுவதென்றால் இரண்டு நாள் பட்டினி போட வேண்டும். வயிற்றில் தீனி கிடந்தால் அதைச் செரிக்க மீனுக்குக் காற்று அதிகம் வேண்டியிருக்கும். போகிற வழியில் மூச்சு முட்டிச் செத்துப்போகும். இது ஆற்றில் பிறந்த சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கியெத்துக்கும் தெரியும். ஐம்பத்து மூன்று வயதாகிறது, தெரியாமல் இருக்குமா?

கிளம்பலாம் என்று முடிவெடுத்தவள் அவன் மனைவி லூவா. ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் இந்த ஆற்று வளைவுக்குக் கியெத்தின் அப்பா வந்தபோது மீன்வீடு ஆறே ஆறுதான். இன்றைக்கு நூற்றெண்பது. ஒரு வீட்டு மீன் கழித்த தண்ணீர்தான் அடுத்த வீட்டு மீனுக்கு மூச்சு. மேலே எங்கெங்கோ அணை கட்டி ஆற்றை அடைத்துவிட்டார்கள். வருகிற வெள்ளமும் நினைத்தால் வருகிறது, இல்லாவிட்டால் பேருக்கு எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறது. வெயில் மாதங்களில் தண்ணீர் குட்டை மாதிரி நிற்கிறது. போன இரண்டு கோடையிலும் வீட்டுக்கு வீடு மீன் செத்து மிதந்தது. கடைசியில் ஊர் அலுவலகத்திலிருந்து தாள் வந்தது. மழைக்கு முன்னால் பாதிப்பேர் இந்த வளைவைக் காலி பண்ண வேண்டும். தீவுக்குப் பின்னால் இருக்கும் கிளையாற்றுக்குப் போங்கள், இல்லையென்றால் கரையேறிவிடுங்கள் என்று.

"மீனு இன்னும் ஒரு மாசத்துல எடைக்கு வந்துரும். இப்பவே வியாபாரிகிட்ட தள்ளிட்டு, வீட்டையும் பிரிச்சு வித்துட்டு, மகன்கிட்டப் போயிருவோம்" என்று கியெத் சொல்லிப் பார்த்தான். மகன் நகரத்தில் செருப்புக் கம்பெனியில் இருக்கிறான்.

"அங்க போயி?"

"அங்க போயி என்ன, வாட்ச்மேன் வேல கெடைக்காதா?"

"உனக்குக் கெடைக்கும். நீதான் நல்லாத் தூங்குவியே. நான் என்ன பண்ணுறது? பத்துக்குப் பத்து ரூமுல, கீழ சிமெண்டுத் தரை. நடந்தா ஒரு சத்தம் கெடையாது. பைத்தியம் பிடிச்சிரும்யா எனக்கு."

மூன்று தடவை படகு எடுத்துக்கொண்டு அந்தக் கிளையாற்றுக்குத் தனியாகவே போய்வந்தாள் லூவா. தண்ணீரைக் கையில் அள்ளி மோந்து பார்த்தாள், குடித்தும் பார்த்தாள். ஆழம் பார்த்தாள். ஓட்டம் எந்த நேரத்தில் எவ்வளவு என்று ஒரு வாழைமட்டையை மிதக்கவிட்டு அதன் பின்னாலேயே போனாள். அங்கே ஏற்கெனவே இருந்த பத்துப் பன்னிரண்டு வீட்டுக்காரர்களிடம் பேசி ஓர் இடமும் பிடித்துவைத்தாள். இந்த மீன் பிழைத்துப் போய்ச் சேர்ந்தால் ஆற்றில் இருக்கலாம். சேராவிட்டால் செருப்புக் கம்பெனிதான். இதை அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை, சொல்லவும் வேண்டியதில்லை.

கிளம்புகிற அன்று விடிவதற்கு வெகு நேரம் முன்பே ஆற்றம்மாவுக்குப் படைக்கப் பன்றிக்கறியும் முட்டையும் இறாலும் வாங்கச் சின்னப் படகில் கரைக்குப் புறப்பட்டாள். போகும்போதே விரலை நீட்டிச் சொல்லிவிட்டுத்தான் போனாள்.

"அந்தக் கதவத் தொட்டே, வந்து உன்னையும் தூக்கி உள்ள போட்டுருவேன்."

"எனக்குத் தெரியாதாடி? போவியா!"

"தெரியும்னுதான் பயமா இருக்கு."

அவள் போனதும் கியெத் பாத்திரம் பண்டங்களைக் கயிற்றால் கட்டினான். கட்டுவதற்கு இங்கே இரண்டடி, அங்கே இரண்டடி நடக்கத்தானே வேண்டும்? அவன் நடந்த பக்கமெல்லாம் கீழேயும் நடந்தது. சளப் சளப்பென்று மூக்கால் பலகையை முட்டுகிற சத்தம். அடுப்படிக்குப் போனால் அடுப்படிக்கு அடியில். சாமி மாடத்துக்கு வந்தால் அங்கே. சும்மா உட்கார்ந்து பார்த்தான். உட்கார்ந்த இடத்துக்கு அடியிலேயே கூட்டம் கூடி நின்றது.

"என்னையப் பாத்து ஏன் கத்துறீங்க? அவகிட்டக் கேளுங்க" என்றான்.

அவன் வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. அப்பா காலத்திலிருந்து வருவது. வீடு இடம் மாறுகிற அன்று வீட்டுக்குள் இருக்கும் ஓர் உயிரும் பட்டினியாகக் கிளம்பக் கூடாது. நாய்க்கு முதலில் சோறு வைப்பார் அப்பா. கூண்டில் இருக்கும் புறாவுக்கு அரிசி போடுவார். நாய்க்குக் கியெத்தும் வைத்தான். நாய் தின்று முடித்து வாயை நக்கிக்கொண்டு அவனைப் பார்த்தது. பலகைக்கு அடியில் சளப் என்றது.

ஒரு கிண்ணம்தான் போட நினைத்தான். சத்தியமாக ஒரு கிண்ணம்தான். கதவைத் தூக்கினால், சிவப்புச் சிவப்பாக வாய் மேல் வாய், ஒன்றின் முதுகில் ஒன்று ஏறி நிற்கிறது. ஒரு கிண்ணத்தைப் போட்டால் முன்னால் நின்றது தின்கிறது, பின்னால் நின்றது பார்க்கிறது. பார்க்கிறதற்கு ஒரு கிண்ணம். அதற்கும் பின்னால் நின்றதற்கு ஒன்று. கட்டிவைத்த மூட்டை வாய் எப்படி அவிழ்ந்தது என்று அவனுக்கே தெரியாது. தினமும் காலையில் போடுகிற இரண்டு மூட்டையும் காலியான பிறகுதான் கை நின்றது. கீழே சத்தம் அடங்கியது. காலிச் சாக்கை மடித்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, சட்டையை மாற்றிக்கொண்டு உட்கார்ந்தான். மனசுக்கு ரொம்ப நிம்மதியாக இருந்தது, கிறுக்கனுக்கு.

லூவா வந்தாள், படைத்தார்கள். இழுவைப் படகுக்காரனும் வந்து சேர்ந்தான். அவன் பெயரே கடைக்குட்டி. வீட்டில் கடைசியாகப் பிறந்ததால் அப்படிக் கூப்பிட்டார்கள், தலை நரைத்து அறுபதைத் தொட்ட பிறகும் கடைக்குட்டிதான். கியெத்தை வயதில் மூத்தவர்கள்கூட அஞ்சாமண்ணன் என்பார்கள். பிறந்தது நாலாவதாக, ஆனால் இந்த ஆற்றில் தலைப்பிள்ளையையே இரண்டு என்றுதான் எண்ணுவார்கள். அந்தக் கணக்கில் லூவா அஞ்சாமண்ணி.

"அண்ணி, கறி வாசம் அக்கரை வரைக்கும் தூக்குது. ஆத்தம்மா சாப்பிட்டாச்சா, நான் உக்காரலாமா?"

"உக்காரு. உன் வயித்துக்குப் படைச்சாத்தான் படகு நகரும்."

சாப்பிட்டு, பனிக்கட்டி போட்ட காப்பியும் குடித்துவிட்டுக் கடைக்குட்டி கயிறு மாட்டினான். நங்கூரங்களைத் தூக்கினார்கள். பதினெட்டு வருஷமாக அசையாத வீடு ஒரு குலுங்கு குலுங்கிவிட்டு நகர்ந்தது. அடுப்புப் புகையும் பூந்தொட்டியும் காயப்போட்ட துணியும் நாயுமாக அப்படியே நகர்ந்தது. இரண்டு பக்கமும் வாசலில் நின்றவர்கள் சும்மா விடுவார்களா?

"அஞ்சாமண்ணே, அங்க போயி கரண்டு கெடைக்கலைன்னா திரும்பி வந்துறாத, உன் எடத்துல என் கூடு வந்துரும்!"

"வரட்டும், என் மீன் கழிச்சதெல்லாம் அங்கதான் கெடக்கு, நல்லா அனுபவி!"

லூவா முன்பக்கம் நின்று ஒவ்வொரு வீட்டையும் பேர் சொல்லிக் கூப்பிட்டு விடைபெற்றாள். அவள் முகத்தில் இருந்த மகிழ்ச்சியைப் பார்த்ததும் கியெத் கட்டில் பக்கம் திரும்பிப் பார்த்தான். அந்தச் சாக்கை ஆற்றில் போட்டிருக்கலாமோ என்று அப்போதுதான் தோன்றியது.

பன்னிரண்டு கிலோமீட்டர். கடலின் ஏற்ற இறக்கத்தோடு இந்த ஆறும் நாளுக்கு இரண்டு தடவை ஏறும், இறங்கும். ஆற்றோட்டம் இறங்குகிற நேரம் பார்த்து ஆறு மணிக்குக் கிளம்பினால், அது அடங்குவதற்குள் பதினொன்றுக்குப் போய்ச் சேரலாம் என்பது லூவாவின் கணக்கு. அவள் கணக்கில் தப்பு இல்லை. ஆனால் படகுத்துறைக்குப் பக்கத்தில் மணல் ஏற்றிய பெரிய தோணிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து வழியை அடைத்துக்கொண்டன. ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஓரமாக ஒதுங்கி நிற்க வேண்டியதாயிற்று.

வெயில் ஏறியது. தீவின் முனை தெரிகிற இடத்துக்கு வரும்போது ஆறு களைத்துப்போய் நின்றுவிட்டது. இறக்கமும் இல்லை, ஏற்றமும் இல்லை. வாழை இலை ஒன்று வீட்டுக்குப் பக்கத்திலேயே நகராமல் மிதந்தது. ஓட்டத்தோடு போகிற வீட்டுக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. தண்ணீரும் வீடும் சேர்ந்தே போவதால் கூட்டுக்குள் இருக்கும் தண்ணீர் மாறுவதில்லை. கிளம்பிய இடத்துப் பழைய தண்ணீரையும் கூடவே இழுத்துக்கொண்டுதான் வரும்.

லூவா அடுப்படியிலிருந்து கூடத்துக்கு நடந்தாள். பாதியில் நின்றாள். மறுபடி பின்னால் போய், அழுத்தி மிதித்து நடந்தாள்.

"என்னய்யா, சத்தமே காணோம்?"

கதவைத் தூக்கினாள். மீன்கள் மேலே வந்து வரிசையாக வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. தீனி கேட்கிற வாய் இல்லை அது. இரண்டு மூன்று பக்கவாட்டில் சாய்ந்து மிதந்தன.

"கடக்குட்டி! நிறுத்து!"

காற்றடிக்கும் மோட்டார் இரண்டையும் இறக்கினார்கள். கடைக்குட்டி படகிலிருந்து தாவி வந்து, முழங்காலிட்டுத் தண்ணீரைப் பார்த்தான். அவன் இப்படி எத்தனையோ வீட்டை இழுத்தவன்.

"தீனி எப்போ நிறுத்துனீங்க?"

"முந்தாநேத்து காலையில. நானேதான் மூட்டையக் கட்டி வச்சேன்" என்றாள் லூவா.

"நெசமாவா? அப்புறம் யாரும் எதுவும் போடலையே?"

அவன் கேட்டது இரண்டு பேரையும்தான். கியெத் மோட்டார் கயிற்றைச் சரிசெய்கிறவன் மாதிரி குனிந்துகொண்டான்.

"இல்ல" என்றான்.

"அப்போ பயமில்ல. வெறும் வயிறுன்னா ஒரு மணி நேரம் தாங்கும். அதுக்குள்ள ஏத்தம் வந்துரும், தண்ணி ஓட ஆரம்பிச்சிரும். மோட்டார விட்டுட்டுப் பொறுப்போம். ஆனா வயித்துல தீனி இருந்துச்சுன்னா பொறுக்கக் கூடாதண்ணி, பொறுத்தா அம்புட்டும் போயிரும். பாதியத் தொறந்து விட்டாத்தான் மீதி பொழைக்கும். நல்ல வேள, நீங்க நிறுத்திட்டீங்க."

லூவா துண்டை நனைத்துத் தலையில் போட்டுக்கொண்டு கதவருகே உட்கார்ந்தாள். "ஒரு மணி நேரம்தானே. என் செல்லங்களா, ஒரு மணி நேரம்" என்று மீன்களிடம் சொன்னாள். அவள் அப்படிக் கொஞ்சிப் பேசி கியெத் கேட்டதே இல்லை. எப்போதும் அவன்தான் மீனோடு பேசுவான், அவள் கேலி செய்வாள்.

அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு மீன் சாய்ந்து வாயிலிருந்து எதையோ கக்கியது. ஊறிப் பருத்த தீனி உருண்டை நாலைந்து மேலே மிதந்தன. யாரும் பார்ப்பதற்குள் கையை விட்டு அள்ளிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டான். அந்தப் பக்கம் இன்னொன்று கக்கியது. எட்டிப் பிடித்து அதையும் அள்ளினான். மூன்றாவது லூவாவின் காலடியில் கக்கியது. அவள் கண் மீனின் வாயிலேயே இருந்ததால் உருண்டையைக் கவனிக்கவில்லை. அவன் சட்டைப்பை ஈரமாகி நெஞ்சில் ஒட்டியது. பத்து நிமிஷம் போயிருக்கும். அந்தப் பத்து நிமிஷத்துக்குள் இருபது முப்பது வெள்ளை வயிறு மேலே வந்துவிட்டது.

"லூவா."

"என்ன?"

"நான் போட்டேன்."

"என்னத்த?"

"தீனி. காலையில, நீ கரைக்குப் போனப்ப."

அவள் திரும்பவில்லை. "எவ்வளவு?"

"ரெண்டு மூட்ட."

கடைக்குட்டி தலையில் அடித்துக்கொண்டான். "அடப் பாவி மனுஷா! இப்பத்தானய்யா கேட்டேன்! வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்த?"

லூவா கத்துவாள், கையில் கிடைத்ததை எடுத்து வீசுவாள் என்று கியெத் காத்திருந்தான். அவள் வீசியிருந்தால் அவனுக்கு நன்றாக இருந்திருக்கும். அவள் எழுந்து, காற்சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு, "கூட்டுப் பின்கதவ அவுத்து விடு" என்று கடைக்குட்டியிடம்தான் சொன்னாள்.

கியெத் அவனை முந்திக்கொண்டு தண்ணீரில் குதித்தான். கூட்டின் பின்பக்கத்தில் வலைக்கதவு நைலான் கயிற்றால் தைத்திருந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு முங்கி முங்கி அறுத்தான். உள்ளே இருந்த வெந்நீர் மாதிரியான தண்ணீர் முகத்தில் அடித்தது. கதவு தொங்கியது. ஆனால் மீன் ஒன்றுகூட வெளியே வரவில்லை. குஞ்சிலிருந்து இந்தக் கூட்டையே உலகம் என்று நினைத்திருக்கும் மீன், கதவு திறந்தால் போகும் என்று யார் சொன்னது?

"போக மாட்டேங்குது!" என்று தலையைத் தூக்கிக் கத்தினான்.

அப்போது மேலே பலகையில் காலடிச் சத்தம் கேட்டது. கூடத்திலிருந்து லூவா நடந்து வந்தாள், தினமும் தீனிக் கிண்ணத்தோடு நடக்கிற அதே நடை, அவசரமில்லாமல். பின்வாசலுக்கு வந்து, அதையும் தாண்டி, வீட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் துணி துவைக்கிற பலகையின் நுனிக்குப் போய், அங்கே நின்று மிதித்தாள். தெம்பு இருந்ததெல்லாம் அவள் காலடிக்குப் பின்னாலேயே வந்து, கதவைத் தாண்டி, பலகைக்கு அடியில் வந்து கூடி நின்றது. நின்று வாயைத் திறந்து மேலே பார்த்தது. கியெத்தின் தோளிலும் கழுத்திலும் உரசிக்கொண்டு கூட்டம் கூட்டமாகப் போனது. லூவா திரும்பவும் உள்ளே போனாள். திரும்பவும் நடந்து வந்தாள். எத்தனை தடவை நடந்தாளோ, அவன் எண்ணவில்லை. பலகையைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் தொங்கியபடி அழுதுகொண்டிருந்தான். தண்ணீரில் இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

"போதும். மூடு" என்றாள் ஒரு நேரத்தில்.

வெளியே வந்தவை வீட்டைச் சுற்றியே கொஞ்ச நேரம் நின்றன. கடைக்குட்டி துடுப்பால் தண்ணீரை அடித்து விரட்டிவிட வேண்டியிருந்தது. செத்ததைக் கூடை கூடையாக அள்ளினார்கள். முக்கால் மணி நேரம் கழித்து ஏற்றம் வந்து, வாழை இலை மெதுவாகத் திரும்பித் தீவின் முனையைச் சுற்றிக் கிளையாற்றுப் பக்கம் போனது. மிச்சமிருந்த மீன் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கியது. பாதிக்குக் கொஞ்சம் குறைவாக மிஞ்சியது. செருப்புக் கம்பெனிக்குப் போகிற அளவுக்குக் கெடவில்லை. மிஞ்சியதை விற்றால் இனி கூடு நிறையக் குஞ்சு வாங்கி விடுகிற அளவுக்கும் வராது. அடுத்த தடவை பாதிக் கூடுதான்.

கிளையாற்றில் வீட்டை நிறுத்தி நங்கூரம் போடும்போது மணி மூன்று. நல்ல தண்ணீர்தான், லூவா சொன்னபடி வலையைச் சுற்றிச் சலசலவென்று ஓடியது. அவள் கடைக்குட்டியிடம் பேசினாள், நாயிடம் பேசினாள். கியெத் பக்கம் மட்டும் திரும்பவில்லை. அவன் கட்டிலுக்கு அடியிலிருந்த சாக்கை எடுத்து, எங்கே வைப்பது என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

ஆற்றில் ஒரே கூச்சலாக இருந்தது. இரண்டு கரையிலும் ஆட்கள் வலையும் கூடையும் வைத்துக்கொண்டு இறங்கியிருந்தார்கள். ஓர் அம்மாள் சின்னப் படகைத் துடுப்புப் போட்டு வந்து வாசலில் ஒட்டி நிறுத்தினாள். படகில் மூடி போட்ட பெரிய பானை.

"வாங்க வாங்க! நான் பக்கத்து வீடு, ஆறாமக்கான்னு கூப்புடுவாங்க. வந்த அன்னைக்கு அடுப்பு மூட்ட நேரம் இருக்காதுன்னு புளிச்சாறு வச்சுக் கொண்டாந்தேன். அன்னாசி போட்டிருக்கு, வெண்டைக்கா, சேப்பந்தண்டு எல்லாம் போட்டிருக்கு. நீங்க ராசிக்காரங்கம்மா! நீங்க வர்ற நேரம் பாத்து ஆத்துல மீனு சும்மா மெதந்து வருது. அள்ளி முடியல, சாத்துல கெடக்குறதும் அதுதான்!"

லூவா இரண்டு கையாலும் பானையை வாங்கினாள். "நல்லதுக்கா" என்றாள்.

"மேல எவனுக்கோ கூடு ஒடஞ்சிருக்கு போல. பாவம்."

"ஆமா. பாவம்."

"ஆனா அறுத்துப் பாத்தா அம்புட்டு வயித்துலயும் தீனி! செரிக்கக்கூட இல்ல. எந்தப் புண்ணியவானோ, போறப்ப வயிறு நெறயப் போட்டு அனுப்பியிருக்கான்."

படகில் கயிறு சுற்றிக்கொண்டிருந்த கடைக்குட்டிக்கு இருமல் வந்துவிட்டது. இருமிக்கொண்டே அந்தப் பக்கம் போய்விட்டான். ஆறாமக்கா போனதும் லூவா மூன்று கிண்ணம் எடுத்துவைத்தாள். சாறு ஊற்றினாள். ஒரு கிண்ணத்தில் பெரிய நடுத்துண்டாகப் பார்த்துப் போட்டு, கூடத்தில் சாக்கோடு நின்றவன் முன்னால் வைத்தாள். உதடு துடித்தது, அழுகையா சிரிப்பா என்று அவனுக்குப் பிடிபடவில்லை.

"உக்காரும் புண்ணியவானே" என்றாள். "சாப்பிடும்."